ஒன்பதாவது கற்றல் விளைவு

அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி சார். பொய்யில்லை. தகவல் தொழில்நுட்பத் துறையில் ஒன்பது வருடமாக ஒப்பந்த விரிவுரையாளர். வருடத்துக்கு ஒருமுறை துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை. அந்த மனிதர் இருமினாலே இவர் எழுந்து நின்றுவிடுவார். பயப்படாமல் என்ன செய்வார்? வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம்.

இந்தத் தடவை பட்டப்படிப்பைச் சோதிக்க வெளியிலிருந்து குழு வருகிறது. படித்து முடிக்கிற பிள்ளைக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்கும் என்று பன்னிரண்டு வரிகளில் எழுதித் தர வேண்டும். அதற்குப் பெயர் கற்றல் விளைவுகள். எழுதுகிற வேலை யார் தலையில் விழும்? இவர் தலையில்தான். அதில் 'புரிந்துகொள்வார்' என்று எழுதக் கூடாதாம். புரிந்ததை அளக்க முடியாதாம். மனிதர் பழைய ஆவணத்தைத் திறந்தார், இருந்த 'புரிந்துகொள்வார்' அத்தனையையும் ஒரே அழுத்தலில் 'செய்து காட்டுவார்' ஆக்கினார், திரும்பப் படிக்காமல் அனுப்பிவிட்டார்.

சோதனை நாள் காலையில்தான் ஒன்பதாவது வரி கண்ணில் பட்டது. 'பிறர் கணினிக்குள் அத்துமீறி நுழைவது எப்படி என்று செய்து காட்டுவார்.' ஐயோ! அனுப்பியதை இனித் திருப்பி வாங்க முடியாது.

அது போதாதென்று இன்னொன்று. ஒவ்வொரு விளைவையும் எத்தனை பேர் அடைந்தார்கள் என்று பட்டியல் வேண்டும். ஒன்பதாவதற்குரிய பாடத்தில் இவர் வைத்த எழுத்துத் தேர்வில் தேறியது அறுபது பேரில் இருபத்து மூன்று.

"அறுபதுன்னு போடுங்க. அடுத்த வருஷம் வேலை வேணாமா உங்களுக்கு?" என்று கேட்டிருந்தார் துறைத்தலைவர்.

போட்டார். தலைவரின் கணினியிலேயே உட்கார்ந்து போட்டார்.

குழுவுக்குத் தலைமை ஒரு கண்ணாடி போட்ட அம்மாள். வகுப்பறையில் உட்கார்ந்து தாளைப் புரட்டிய அவர் விரல் நேராக ஒன்பதாவது வரியில் போய் நின்றது.

"அட, இது நல்லா இருக்கே! யாராவது செஞ்சு காட்டட்டுமே. அந்தக் கடைசி வரிசைப் பொண்ணு வரட்டும்."

அந்தப் பெண்ணா! அந்தத் தேர்வில் வெற்றுத்தாள் கொடுத்தவள் ஆயிற்றே.

தலைவருக்கு வாய் சும்மா இருந்தால்தானே? "என் கம்ப்யூட்டர்லயே முயற்சி பண்ணட்டும் மேடம். ஈ, எறும்புகூட நுழைய முடியாது."

எல்லாரும் தலைவர் அறைக்குப் போனார்கள். பெண் உட்கார்ந்தாள். கணினி கடவுச்சொல் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே நின்ற தலைவரின் காரை ஒருமுறை எட்டிப் பார்த்து, அதன் எண்ணைத் தட்டினாள். திறந்துகொண்டது. "உள்ள இருக்கிறதுல ஒண்ணைத் திறந்து காட்டும்மா," என்றார் அம்மாள்.

திரையில் இரண்டு கோப்புகள். மேலே 'உண்மைப் பட்டியல்'. கீழே 'குழுவுக்குக் காட்ட'. இப்படிப் பேர் வைத்த புத்திசாலி வேறு யாருமில்லை, இவரேதான். குழு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. திரை தெரிந்தது அவளுக்கும் அவள் பின்னால் நின்ற இவருக்கும் மட்டும்.

"சார், எதைத் திறக்கட்டும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கீழே இருக்கிறதை என்று சொன்னால் வேலை தப்பிக்கும். சொல்லவும் வாயெடுத்தார். அவள் முகத்தில் கேலி இல்லை. வாத்தியார் சொல்வதைச் செய்யக் காத்திருந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கடைசியில் இந்தப் பிள்ளைக்கு இதையா சொல்லித் தருவது?

"மேல இருக்கிறத," என்றார்.

அம்மாள் எழுந்து வந்து படித்தார். "இருபத்து மூணா? எங்ககிட்ட அறுபதுன்னு குடுத்திருக்கீங்களே. யாரு போட்டது?"

தலைவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நான்தான் மேடம். போடச் சொன்னாங்க. பயந்துபோய்ப் போட்டுட்டேன்."

அம்மாள் திரையைத் தொட்டுக் காட்டினார். "இதுலயும் ஒரு தப்பு இருக்கு. இந்தப் பொண்ணு தேறலன்னு போட்டிருக்கீங்க. இருபத்து நாலுன்னு மாத்துங்க."

மாற்றினார். விரல் நடுங்கி மூன்று தடவை தப்பாக அழுத்தினார்.

குழு போன கையோடு தலைவர் சொன்னார்: "நாளைல இருந்து நீங்க வர வேண்டாம்." ஒன்பது வருடமாக எந்த வார்த்தை காதில் விழுந்துவிடுமோ என்று செத்துச் செத்துப் பிழைத்தாரோ, அதே வார்த்தை.

வாசலில் நின்று மனைவிக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது.

"வர வேண்டாம்னு சொல்லிட்டாரா?" என்றாள். "சரி, வீட்டுக்கு வாங்க. எதுக்குப் பயந்தீங்களோ அது நடந்து முடிஞ்சுபோச்சு."

"கை இன்னும் நடுங்குதும்மா."

"நடுங்கட்டும். நீங்க ரோட்டப் பாத்து வாங்க."