ஏழாம் மேசையில் கடைசி பஸ்

என் மேசை இழுப்பறையில் நிமிர்த்தி நிறுத்துவதற்காக மடித்த பச்சை அட்டை ஒன்று இருக்கிறது. சேலைப் பெட்டியின் மூடியிலிருந்து வெட்டியது. உள்பக்கம் கடைப் பெயரின் பாதி இன்னும் பொன்னிறத்தில் தெரியும். வெளிப்பக்கத்தில் என் கையெழுத்தில் ‘மேசை 7’. ஆரணியில் நாங்கள் நடத்திய முதல் பலகை விளையாட்டுச் சந்திப்பன்று, காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை அண்ணி இந்த அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே மூன்று நாற்காலிகள் போட்டிருந்தேன். மூன்றும் காலி.

அண்ணி முள்ளிப்பட்டில் வீட்டுத் தறியில் பட்டு நெய்பவர். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் நண்பர் ஒருவரின் வீட்டில் வாரந்தோறும் கூடி நாங்கள் வெளிநாட்டுப் பலகை விளையாட்டுகள் ஆடுவோம். ஊருக்கு மாற்றலாகி வந்தபோது அவற்றில் ஒன்றை அண்ணிக்குக் காட்டினேன். அன்று ஆடிய மூன்று ஆட்டத்திலும் அவரே ஜெயித்தார். அடுத்த மாதம் சொந்தமாக ஒன்றைச் செய்து கொண்டுவந்து என் முன் விரித்தார். பெயர் ‘கடைசி பஸ்’. எங்கள் ஊர் பஸ் நிலையம்தான் பலகை. ஆடுகிறவர்கள் கண்டக்டர்கள், புளியங்கொட்டைகள் பயணிகள். வேலூர், போளூர், தேவிகாபுரம் என்று ஊர்ப்பெயர் எழுதிய சீட்டை எடுத்து அந்த ஊருக்கான ஆட்களை ஏற்ற வேண்டும். காத்திருந்தால் கூட்டம் சேரும். ஆனால் அதற்குள் இன்னொருவர் ‘ரைட்’ என்று கத்திக் கிளம்பிவிட்டால் நம் பஸ்ஸிலிருந்து பாதிப் பேர் இறங்கி அவர் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். தறியை வைத்தே ஓர் ஆட்டம் செய்திருக்கலாமே என்று கேட்டேன். “நாள் பூரா அதுலதான் உக்காந்துகினு இருக்கேன். ஆட்டத்துலயும் அதுவேவா? போங்க தம்பி” என்றார்.

அந்த ஆட்டத்தை நாலு பேர் ஆட வேண்டும் என்பதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திப்பை ஏற்பாடு செய்தேன். ஏழு மேசைகள், அட்டவணை, வருகைப் பதிவேடு, சுக்குக் காபி எல்லாம் தயார். நெசவாளர் தெருக்களில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்திருந்தேன். வந்தவர்கள் பதினொரு பேர், அத்தனை பேரும் வெளியூர். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஆட்டங்களைப் பெட்டியோடு கொண்டுவந்து தங்களுக்குள்ளேயே ஆடினார்கள். அண்ணி புளியங்கொட்டைகளைக் கிண்ணத்தில் கொட்டுவதும் திரும்ப எடுத்து அடுக்குவதுமாக இருந்தார். அவரை வண்டியில் முள்ளிப்பட்டுக்குக் கொண்டுபோய் விட்டபோது தெரு முழுக்கத் தறிச் சத்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் நான். தறிக்கு விடுமுறை அமாவாசையன்று, ஞாயிறன்று அல்ல. இருபது வருட அலுவலகக் காலண்டர் அதை மறக்கடித்திருந்தது. “முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணி” என்றேன். “ஞாயித்துக்கிழமையான்னு கேட்டேனே. ஆமான்னீங்க. படிச்சவரு, ஏதோ யோசிச்சுத்தான் வெச்சிருப்பீங்கன்னு விட்டுட்டேன்” என்றார். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைப் புரட்டினேன். தேதி முடிவான நாளில், ‘ஞாயித்துக்கிழமையா என்று அண்ணி கேட்டார், ஆமாம் என்றேன்’ என்று நானே எழுதிவைத்திருந்தேன். கேள்வியை ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதியிருக்கிறேன், காதில்தான் வாங்கவில்லை.

வண்டியை விட்டு இறங்கும்போது அண்ணி இன்னொன்றும் சொல்லியிருந்தார். “இன்னொரு வாட்டி பாப்போம். அப்பவும் யாரும் உக்காரலைன்னா இந்த அட்டையெல்லாம் அடுப்புக்குத்தான்.” அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னால் செய்கிறவர்.

மறு ஆண்டு அமாவாசையன்றே வைத்தேன். செவ்வாய்க்கிழமை. “செவ்வாய்க்கிழமை எவன் சார் லீவு போட்டுட்டு ஆரணிக்கு வருவான்?” என்று சென்னை நண்பர் போனில் கத்தினார். அவரைத் தவிர அங்கிருந்து யாரும் வரவில்லை. முகூர்த்தம் இல்லாத நாள் என்பதால் கல்யாண மண்டபம் சுலபமாகக் கிடைத்தது. காலை பத்து மணிக்கு மேசைகளைத் துடைத்து வைத்தோம். பதினொன்றானது, பன்னிரண்டானது, வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. ஒரு மணிக்கு, இந்த முறையும் தோற்றோம் என்று நினைத்து அட்டைகளை எடுக்கப் போனேன். அண்ணி என் கையைத் தட்டிவிட்டார். “ஜல்தி பண்ணாதீங்க தம்பி. படையல் போட்டு, காக்காக்கு வெச்சு, சாப்ட்டுட்டுத்தானே வருவாங்க?”

இரண்டு மணிக்கு வந்தார்கள். முதலில் முள்ளிப்பட்டிலிருந்து ஒரு கணவனும் மனைவியும், பிறகு மனைவியின் தம்பிகள், அப்புறம் ஒரு தெருவே கிளம்பி வந்ததுபோல. அவர்களுக்கு வெளிநாட்டுப் பெட்டிகள் மீது நாட்டமில்லை. பலகையில் பஸ் நிலையத்தைப் பார்த்ததும் ஏழாம் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். “போளூர் வண்டி அங்கயா நிக்கும்? இந்தாண்ட நிக்கும்மா!” என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அண்ணி அவர் கையில் பென்சிலைக் கொடுத்து, “அப்ப நீங்களே மாத்திக்குங்க” என்றார். நாலு மணிக்குள் பலகையைப் பார்த்துப் பார்த்து நோட்டீசுகளின் பின்பக்கத்தில் வரைந்து எல்லா மேசைகளிலும் அதையே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். புளியங்கொட்டை போதாமல் சமையலறையிலிருந்து மொச்சை வந்தது. மண்டபம் முழுக்க ‘ரைட் ரைட்’ என்ற கூச்சல். வாட்ச்மேன் ஓடிவந்து, “எந்த பஸ்ஸுங்க உள்ள வந்துச்சு?” என்றார். சென்னை நண்பர் நான்கு முறை ஆடி நான்கிலும் தோற்று, அண்ணியிடம், “ஒரு செட் எனக்கும் செஞ்சு குடுங்கம்மா” என்றார். அன்று நாட்குறிப்பில் நான் எழுதியது ஒரே வரி: ‘நாற்காலி போதவில்லை.’

இந்த ஆண்டு ஐந்தாவது சந்திப்பு. அண்ணி இப்போது வாசலில் பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிறார். ஆட நேரம் கிடைப்பதில்லை. மாலையில் நான் வாசலுக்கு வந்து, கொஞ்சம் உள்ளே போங்கள் என்று அனுப்பிவிட்டு நானும் பின்னாலேயே போனேன். ஏழாம் மேசையில் ஒரு நாற்காலி அப்போதுதான் காலியாகியிருந்தது. தேவிகாபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், யாரென்று தெரியாமல் அண்ணியை உட்காரச் சொல்லி, “புதுசாங்க? பயப்படாதீங்க, ஈசிதான்” என்று விதிகளைச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற நான் குறுக்கே பேசப் போனேன். அண்ணி மேசைக்கடியில் என் காலை மிதித்தார். ஒவ்வொரு விதிக்கும் தலையாட்டினார். ஒன்றை இரண்டாவது முறை கேட்டுத் தெரிந்துகொள்ளவும் செய்தார். ஆட்டத்தில் அந்தப் பெண் நாலு கொட்டை வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டு, “பரவால்லீங்க, முதல் வாட்டிக்கு நல்லாவே ஆடினீங்க” என்று தேற்றினார். “அப்படீங்களா?” என்றார் அண்ணி. ஆட்டம் தான் செய்தது என்று கடைசிவரை சொல்லவில்லை.

மேசையைக் காலி செய்யும்போது பச்சை அட்டையை நான் எடுத்தேன். “இருக்கட்டும் விடுங்க தம்பி, இன்னொரு ஆட்டம் இருக்குது” என்றார். எதிரே மூன்று நாற்காலிகளிலும் ஆட்கள். நாலாவது ஒருவர் இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.