கையுறைக்கு அடியில் இருந்த விடைகள்

பன்னிரண்டு வருடமாக நாட்டின் முதல் நிலை கால்பந்து லீக்கில் ஆடிய அணி அது. அந்தப் பருவத்தில் சறுக்கிச் சறுக்கி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கடைசி ஆட்டம் சமனில் முடிந்தால் பிழைத்தது. தோற்றால் இரண்டாம் நிலைக்கு இறங்க வேண்டும். எல்லோருக்கும் அந்தப் பயம். அணியின் நர்ஸுக்கு மட்டும் பயம் வேறு.

தலைக்காய வார்டில் இருபது வருடம் வேலை பார்த்தவள். நன்றாகப் பேசிச் சிரித்துவிட்டு, டீ ஆறுவதற்குள் கண் செருகிப்போனவர்களைப் பார்த்தவள். பந்து உயரே போய் இரண்டு தலைகள் சேர்ந்து எழும்பும்போதெல்லாம் அவள் பெஞ்சை விட்டு எழுந்துவிடுவாள்.

யாருக்காவது தலையில் அடிபட்டால் ஓடிப்போய் ஐந்து கேள்வி கேட்பாள். இது எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசி கோல் யார் போட்டது, போன ஆட்டம் யாரோடு, முடிவு என்ன. பருவம் முழுக்க அதே ஐந்து, அதே வரிசை. ஒன்று தப்பினாலும் ஆள் வெளியே.

இரண்டு வாரத்துக்கு முன்னால் கோல்கீப்பரின் நெற்றியில் ஒரு முழங்கால் இடித்தது. ஐந்துக்கும் சரியாகப் பதில் சொன்னான். "நூத்துக்கு நூறு, அக்கா! மிட்டாய் கிடையாதா?" என்று கேலி வேறு. ஆடலாம் என்று அவள்தான் கையெழுத்துப் போட்டாள். ஆனால் சில பதிலுக்கு முன்னால் அவன் குனிந்துகொண்டது அவள் மனதில் முள்ளாக நின்றது.

கடைசி ஆட்டம். எண்பதாவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று. பந்தைப் பிடிக்கப் பாய்ந்த கோல்கீப்பரின் தலை கோல் கம்பத்தில் மோதியது. கால் முறிந்த இன்னொரு ஆட்டக்காரனோடு அணியின் டாக்டர் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். முடிவு முழுக்க அவள் தலையில்.

"போன ஆட்டம் யாரோட?"

அவன் குனிந்தான். சொன்னான். சரி.

"முடிவு என்ன?"

மறுபடி குனிந்தான்.

அவள் அவன் கையைப் பிடித்து கையுறையை விரல் பக்கமாக ஒதுக்கினாள். மணிக்கட்டில் வெள்ளை பிளாஸ்திரி. அதில் ஆட்டத்துக்கு முன்பே நீல மையில் எழுதிய மைதானத்தின் பெயர், போன ஆட்டத்து அணி, இரண்டுக்குப் பூஜ்யம். மிச்சத்துக்கு ஸ்கோர் பலகை இருக்கவே இருக்கிறது.

பிளாஸ்திரியைப் பிய்த்து எடுத்தாள். "இப்ப சொல்லுப்பா."

அவன் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சிஸ்டர், பத்து நிமிஷம்தான்!" கோட்டுக்கு வெளியிலிருந்து கோச் கத்தினார். "கையில கால்ல விழறேன், விடுங்க!"

"பத்து நிமிஷத்துல ஆளே போயிடுவான் சார். வேற கீப்பரை அனுப்புங்க."

"நாம கீழே போயிட்டா உங்க வேலையும் போகும், தெரியுமில்ல?"

"தெரியும். ஸ்ட்ரெச்சர் எங்கே?"

ஆம்புலன்ஸ் கதவை மூடும்போது எதிரணிக் கூட்டம் ஆர்ப்பரித்தது. என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வழியில் அவன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, "ஜெயிச்சோமா அக்கா?" என்று ஆறு தடவை கேட்டான். ஆறு தடவையும், "கண்ணைத் திறந்து வை" என்றாள். ஏழாவது தடவை அவன் கேட்கவில்லை. தோளைக் கிள்ளினாள். முனகினான்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டைக்குள் ரத்தக்கசிவு, ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் மனைவி செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து நர்ஸ் பக்கத்தில் நின்றாள்.

ஒரு டாக்டர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். "இதுல பழைய ரத்தமும் இருக்கு. இதுக்கு முன்னாடி அடிபட்டுச்சா?"

மனைவி, "இல்லையே டாக்டர், நல்லாத்தானே இருந்தார்" என்றாள்.

நர்ஸின் சட்டைப் பையில் அந்தப் பிளாஸ்திரி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்து டாக்டரிடம் நீட்டினாள்.

"பட்டுச்சு. ரெண்டு வாரம் ஆச்சு. ஆடலாம்னு விட்டது நான்தான்."