பனிக்கடலுக்குப் பள்ளிமுனையில் ஓர் ஒத்திகை

போன சனிக்கிழமை மன்னார் பள்ளிமுனைக் கரையில், முழங்காலளவு தண்ணீரில் நின்றபடி, அந்தாட்டிக்காவில் படகு ஏறுவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். எல்லாம் ஜெசிந்தாவால் வந்தது.

ஜெசிந்தா என் பள்ளித் தோழி. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு அவள் கால்கள் இயங்காமல் போயின. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. பார்க்கும் வேலை பனிக்கடல் ஆராய்ச்சி. ஆமாம், மன்னாரில் இருந்துகொண்டுதான்... வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காகச் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, எங்கே எவ்வளவு பனி உருகியது என்று கணிக்கிறாள். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும்.

இத்தனை வருடம் படத்தில் பார்த்த பனியை நேரில் பார்க்க ஆசைப்பட்டு, ஓர் ஆய்வுக் கப்பலுக்கு விண்ணப்பித்தாள். மறுத்துவிட்டார்கள். கப்பலிலிருந்து ரப்பர் படகில் இறங்கித்தான் கரைக்குப் போகவேண்டுமாம். சக்கர நாற்காலியில் இருப்பவரால் அது முடியாதாம். யாராவது ஏற்றிப் பார்த்தார்களா? இல்லை.

கொஞ்ச நாள் அவள் என் போனை எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் அவளே என்னை அழைத்தாள். இதேபோலத் திருப்பி அனுப்பப்பட்ட இன்னும் இரண்டு பேரை இணையத்தில் கண்டுபிடித்திருக்கிறாள் — ஒருவருக்குக் காது கேட்காது, மற்றவருக்குச் செயற்கைக் கால். மூன்று பேரும் சேர்ந்து ஆராய்ச்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். துருவ ஆராய்ச்சிக்குள் மாற்றுத்திறனாளிகளை வரவிடாமல் தடுப்பது எது? எதை மாற்றினால் வரலாம்? இதுதான் கேள்வி. முதல் வேலை, ஜெசிந்தா படகில் ஏறுவதை வீடியோ எடுத்து அந்தக் கப்பல்காரருக்கு அனுப்புவது.

பள்ளிமுனையில் படகுக்கா பஞ்சம்?

பக்கத்து வீட்டு அந்தோனி அண்ணை தன் கண்ணாடியிழைப் படகைக் கொண்டுவந்தார். மணலில் பலகை போட்டு நாற்காலியைத் தண்ணீர் வரை உருட்டினோம். நான் போனைத் தூக்கிப் பிடித்ததுதான் தாமதம் — அவரும் இன்னொருவரும் ஜெசிந்தாவை அலாக்காகத் தூக்கிப் படகுக்குள் வைத்துவிட்டார்கள். நான் கைதட்டினேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது.

"அண்ணை, நான் என்ன மீன் பெட்டியா?"

அந்தோனி அண்ணைக்குச் சங்கடமாகிவிட்டது. "விழுந்திடுவியள் எண்டுதான் தங்கச்சி..." என்றார்.

"விழுந்தா விழுறன். நனைஞ்சா காயும். நான் கேட்டா மட்டும் கை குடுங்கோ."

என் கைதட்டல் எங்கே போய் ஒளிந்ததோ தெரியவில்லை. உதவி செய்கிற அவசரத்தில், உதவி வேண்டுமா என்று கேட்க நமக்கு நேரம் கிடைப்பதே இல்லை, கவனித்தீர்களா?

திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தாள். படகின் விளிம்பை நாற்காலி உயரத்துக்குச் சரியாக அணைக்கச் சொன்னாள். நடுவே ஒரு பலகையை வைத்து, கைகளை ஊன்றி நகர்ந்தாள். பாதி வழியில் ஓர் அலை... படகு விலகியது. ஜெசிந்தா தொபுக்கென்று தண்ணீரில்.

இதோடு நிறுத்துவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளோ இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடி, உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, வீடியோ பதிவாகியதா என்று விசாரித்தாள். விழுந்ததையும் அனுப்பவேண்டுமாம். ஆராய்ச்சி என்றால் அப்படித்தானாம்.

அடுத்த தடவை இரண்டு பேர் படகை இறுக்கிப் பிடித்தார்கள், பலகையைக் கயிற்றால் கட்டினோம். மெதுவாக நகர்ந்தாள். கடைசி அடியில் தானே கையை நீட்டினாள். அந்தோனி அண்ணை பிடித்தார். ஏறிவிட்டாள். ஒரு சுற்றுப் போய் வந்தோம். வாந்தி எடுத்தது நான்.

ஒருவரால் முடியுமா என்று கேட்டால், முடியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். எப்படி என்று கேட்டால்தான் ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேவைப்படுகிறது. அதனால்தான் பலரும் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நேற்றுக் கப்பல்காரரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. இடம் தருவதாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை முடியாது என்றும் சொல்லவில்லை. பலகையின் அகலம் என்ன, அலை கூடினால் யார் எங்கே பிடிப்பது என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று, காலில் போடும் குளிர்ச் சப்பாத்தின் அளவையும் கேட்டிருக்கிறார்கள்.

ஜெசிந்தாவின் பதிலை அவளே எனக்கு வாசித்துக் காட்டினாள்: "எந்த அளவெண்டாலும் அனுப்புங்கோ, எனக்குச் சப்பாத்துக் கடிக்காது."