பாடு தவறிய மாலை

பொன்னேரிக்குச் செல்லும் காலைப் பேருந்தில் காலெடுத்து வைக்கும்போதே வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று எனக்குத் தோன்றும். வண்டியின் குலுக்கலுக்காக அன்று; அடுத்து வரப்போவதை நினைத்து. பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் குப்பத்திலிருந்து, சென்னைத் தங்கசாலையில் உள்ள ஓர் அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்தும் பணிக்காக நான் நாள்தோறும் போய்வருகிறேன். பாதி வழி பேருந்து, மீதி வழி தொடர்வண்டி, கடைசியில் நடை. இம்மூன்றில் நடை ஒன்றாவது மனிதனுக்குரியது என்று தொடக்கத்தில் நினைத்திருந்தேன். சுவரோரமெல்லாம் மூத்திரம் உலர்ந்த தடங்களைத் தாண்டித் தாண்டி நடக்கப் பழகிய பின் அந்த எண்ணமும் போயிற்று.

தொடர்வண்டி பொன்னேரிக்கு வந்து சேரும்போதே அதன் வாயில்கள் உடல்களால் அடைபட்டிருக்கும். இறங்குபவர் இறங்கும்வரை எவரும் பொறுப்பதில்லை. உள்ளே ஒருவர் அக்குளில் மற்றொருவர் முகம். யாரோ துப்பிய பாக்குச்சாறு காற்றில் திரும்பி வந்து என் சட்டைக் கையில் தெறித்த நாள்கள் பல. துப்பியவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கைப்பேசிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கூச்சலை எழுப்பும். எண்ணூரைக் கடக்கையில் மூக்கை எரிக்கும் காற்று உள்ளே புகும். அதற்கு ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி மீன்கூடையோடு ஏறிவிட்டால் மட்டும் பெட்டி முழுவதும் கைக்குட்டை எடுக்கும்.

பேசின் பாலத்துக்குச் சற்று முன்னால் கைகாட்டிக்காக வண்டி நின்றுவிடும். எவ்வளவு நேரம் என்று எவரும் சொல்வதில்லை. பக்கத்தில் பக்கிங்காம் கால்வாய் தார்போலக் கறுத்து, அசையாமல் கிடக்கும். எங்கள் ஏரியோடு வந்து கலக்கும் கால்வாய்தான் அது என்பதை நினைத்துவிட்டால் அன்று பகலுணவு இறங்காது.

கடந்த பருவத்துக்குப் பின் என் தங்கையின் கணவரும் இந்தப் பயணத்தில் சேர்ந்துகொண்டார். அவர் ஏரியில் இறால் பிடிப்பவர். முகத்துவாரம் தூர்ந்து இறால் வரத்துக் குன்றிப்போனதால், அடுத்த பருவம்வரை என் அச்சகத்துக்கு அருகிலிருந்த ஒரு கிடங்கில் மூட்டை தூக்க வந்தார். வேலையை அவர் பழித்ததில்லை, வழியைத்தான் பழித்தார். நெரிசலில் எவரேனும் காலை மிதித்தால் என் பக்கம் திரும்பிச் சொல்வார்: "பாடு சீட்டு மட்டும் வரட்டும் மச்சான். இந்த டிரெயின் இருக்கற பக்கம் தலைவெச்சுகூட படுக்க மாட்டேன்."

பாடு என்பது எங்கள் ஏரியின் முறை. இறால் நன்றாக ஓடும் இடங்கள் சில. வலை கட்ட உரிமை பெற்ற குடும்பங்கள் பல. ஆகவே பருவம் தொடங்குமுன் ஊரார் கோயில் முன் கூடிக் குடத்திலிருந்து சீட்டெடுத்து, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று வகுத்துக்கொள்வார்கள். ஒருவர் முறையில் மற்றவர் வலை தண்ணீரில் இறங்காது. தன் முறை வரும்வரை கரையில் காத்திருப்பது எங்களில் எவருக்கும் இழிவன்று. ஆனால் சீட்டை அவரவரே வந்து எடுக்க வேண்டும். கோயிலில் விளக்கேற்றுவதற்குள் வராதவருக்கு அந்தப் பருவம் முழுதும் பாடு இல்லை.

சீட்டு நாளன்று விடுப்புத் தரத் தங்கை கணவரின் முதலாளி மறுத்துவிட்டார். நண்பகலுக்குப் பின் போகலாம் என்று மட்டும் இசைந்தார். நானும் உடன் கிளம்பினேன். வேண்டிய பொழுது கையில் இருந்தது. பேசின் பாலத்து நடைமேடையில் கால் வைக்கவும் இடமில்லை. முந்தைய வண்டி வரவே இல்லையாம். அடுத்த வண்டி வந்ததும், இத்தனை ஆண்டுகளில் நான் கற்ற ஒரே கலையைக் காட்டி, தோளை முன்னிறுத்தி உள்ளே புகுந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் இன்னும் கீழே நின்றுகொண்டிருந்தார்.

வாயிலுக்கு ஒருபுறமாக ஒதுங்கி நின்றிருந்தார் அவர். தமக்கு முன்னால் நடைமேடைக்கு வந்தவர் யார் யார் என்பதைப் பார்த்து வைத்திருக்கிறார் போலும். அவர்களை ஒவ்வொருவராக ஏறவிட்டார். அவர்களுக்குப் பின் தம் முறை வந்துவிட்டதென்று வாயிலை நோக்கி அடியெடுத்து வைத்தபோது, பின்னால் வந்த இளைஞன் ஒருவன் அவரை நெட்டினான்.

"இரு நைனா, எனக்கு அப்புறந்தான் நீ வந்தே," என்றார் அவர், சினமே இல்லாமல்.

"இன்னா தலைவா, ரேஷன் கடையா இது?" என்று சொல்லி, அவன் அவரை விலக்கிவிட்டு ஏறினான். அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு இன்னும் பலர் ஏறினார்கள். வண்டி நகர்ந்தது. நான் கத்தினேன், இறங்கவும் முயன்றேன். அந்தச் சதைச்சுவரில் என் கையை உயர்த்தக்கூட இடம் கிடைக்கவில்லை. அவர் நடைமேடையில் சற்றுத் தூரம் உடன் ஓடிவந்து நின்றார்.

அடுத்த வண்டியைப் பிடித்துவிட்டதாகக் கைப்பேசியில் சொன்னார். பின்னர் அது கொருக்குப்பேட்டையில் நிற்கிறது என்றார். அதன்பின் அழைப்புப் போகவில்லை.

கோயிலடியில் நான் ஊர்த் தலைவரிடம் கெஞ்சினேன். அவர் கல்நெஞ்சர் அல்லர். பெயர்களை மெதுவாகவே அழைத்தார், இடையில் தண்ணீர் குடித்தார், திரியைச் சரிசெய்யச் சொல்லிப் பொழுது போக்கினார். என் தங்கை பெண்கள் நடுவே சாலையைப் பார்த்தபடி நின்றாள். இருட்டத் தொடங்கியதும் தலைவர் என்னிடம் சொன்னார்: "ஆளு இல்லாம சீட்டு எடுத்த பழக்கம் நம்ம ஊர்ல இல்லப்பா. ஒருத்தனுக்கு மாத்தினா, நாளிக்கு அல்லாரும் பட்டணத்துல ஒக்காந்துகினே பாடு கேப்பானுங்க." அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. விளக்கை ஏற்றினார்கள்.

கூட்டம் கலையும் வேளையில் தங்கை கணவர் வந்தார். சட்டையில் பொத்தான்கள் இல்லை; கழுத்தில் எவனுடைய நகமோ கீறியிருந்தது. சீட்டுக்குடம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தார். நடந்ததை நான் முன்னமே சொல்லியிருந்ததால் ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. அவர் சித்தப்பா மகன் ஒருவன், "பேசின் பிரிட்ஜ்ல போயி பாடு பாத்துகினு நின்னியாமே!" என்றான். சிலர் சிரித்தனர். அவரும் சிரித்தார். எனக்குத்தான் அதைக் காணப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை நான் வருமுன்பே பேருந்து நிறைந்திருந்தது. உள்ளிருந்து அவர் குரல் கேட்டது. நடுவில் இருவர் அமரும் இருக்கையில், சன்னலோரம் அவர். பக்கத்து இடத்தில் அவருடைய துண்டு. அந்த இடத்தருகே சாப்பாட்டுப் பையோடு ஒரு பெண் நின்றிருந்தார்.

"ஒக்காரு மச்சான். ஒனக்குத்தான் புடிச்சேன்," என்றார் அவர், துண்டை எடுத்தபடி.

"நான்தானேப்பா மொதல்ல வந்தேன்," என்றார் அந்தப் பெண்.

அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பின்னால் இருந்தவர்கள் என்னைத் தள்ளினார்கள். நான் உட்கார்ந்தேன். பொன்னேரி வரை அந்தப் பெண் என் தோளருகே நின்றுகொண்டே வந்தார்.