ஷெல் அடிக்கச் சொன்னது யார்?

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோர்ட்டுக்குள் உங்கள் வாய் உங்களுடையது அல்ல.

இலங்கை மலையகத்துப் பதுளையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தார்கள். சாட்சி "நான்" என்றால் நீங்களும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று ஒதுங்கி நிற்கக் கூடாது. முதல் வருடத்திலேயே நான் கோழி திருடினேன், கசிப்புச் சாராயம் காய்ச்சினேன், பெண்டாட்டியின் மண்டையை உடைத்தேன், இவை எதையுமே நான் செய்யவில்லை என்றும் சத்தியம் செய்தேன். கூச்சமெல்லாம் சீக்கிரம் போய்விட்டது. திரும்ப வந்தது தொண்ணூறுகளின் நடுவில், கல்லுமலைத் தோட்டத்து மரண விசாரணையில்.

கம்பம் ஊன்றிய பிறகு

கல்லுமலை, ஸ்பிரிங்வெளிப் பக்கம் மலையேறிப் போகும் தோட்டம். மாசி மாதம் அங்கே காமன் கூத்து நடக்கும். கம்பம் ஊன்றிவிட்டால் மதனை எரிக்கும் நாள்வரை கூத்தை நிறுத்தக் கூடாது. பாதியில் விட்டால் தோட்டத்துக்கே ஆகாது என்பார்கள். அந்த வருடம் மழையில், கூத்து ஊர்வலம் வழக்கமாகப் போகும் கீழ்ப்பாதை சரிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் யுத்த காலத்தில் கூத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளியிருப்பார்கள். இவர்கள் பந்தங்களைக் கொளுத்திக்கொண்டு மேல்பாதையில் ஏறினார்கள்.

மேல்பாதைக்கு எதிரே தொலைத்தொடர்புக் கோபுரம். கோபுரத்தடியில் அதைக் காக்க ஒரு ராணுவ முகாம். அங்கிருந்து ஷெல் அடித்தார்கள். முதல் பந்தத்தைப் பிடித்து நடந்த பழனிவேல் தேயிலைக்குள் விழுந்தவன் எழவே இல்லை.

அவன் மனைவி லெட்சுமி கைக்குழந்தையோடு விசாரணைக்கு வந்தாள். நடந்ததெல்லாம் சிங்களத்தில். ஒவ்வொரு வார்த்தையையும் தமிழில் அவளுக்குச் சொல்வது என் வேலை. முகாமுக்காகக் கொழும்பிலிருந்து வந்திருந்த சட்டத்தரணி பெரிய படிப்பாளி. இரவில் நகரும் தீப்பந்தம் சட்டப்படி தாக்கக்கூடிய இலக்கா இல்லையா என்று மத்தியானம்வரை பேசினார். எந்தெந்த நாட்டிலோ யார் யாரோ போட்ட குண்டுகளையெல்லாம் உதாரணம் காட்டினார். லெட்சுமிக்காகக் கூலி வாங்காமல் வந்திருந்த நம்மூர்ச் சட்டத்தரணியும் சளைக்கவில்லை. எச்சரிக்காமல் அடித்தது சட்டவிரோதம் என்று அவரும் உதாரணங்களை எடுத்து விட்டார். இரண்டு பேரும் அன்றைக்கு நன்றாகத்தான் பேசினார்கள். பழனிவேல் என்ற பெயர் மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் லெட்சுமி என்னிடம் வந்தாள்.

"மிஸ், இம்புட்டு நேரம் பேசினாங்க. அடிக்கச் சொன்னது யாருன்னு இன்னும் சொல்லலீங்களே?"

பொறு, அதற்குத்தான் விசாரணை என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"எம்புள்ள நாளைக்கு எங்கப்பா எங்கன்னு கேக்கும். சுட்டுப்புட்டாங்கன்னு சொன்னா யாருன்னு கேக்கும். ஒரு பேரு வேணும் மிஸ். வேற ஒன்னும் வேணாம்."

மேலிடம்

முதலில் கூண்டேறியவர் முகாமின் இளம் லெப்டினன்ட். மலையில் நெருப்பு வரிசையாக ஏறியதைப் பார்த்தாராம். கூத்து என்ற ஒன்றைத் தன் வாழ்நாளில் கேள்விப்பட்டதே இல்லையாம். இதையும் நான் அவர் வாயாக நின்று தமிழில் சொல்லவேண்டியிருந்தது. "கூத்து என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது." காமன் கூத்துக்கு அப்பன் தப்படிக்கக் கேட்டு வளர்ந்தவள் நான். நாக்கு கூசியது.

அவருக்குப் பிறகு லெட்சுமி கூண்டேறினாள்.

"இந்த ஐயா கம்பம் ஊன்றன்னைக்கு வந்தாருங்க. எங்க வீட்டுக்காரரு கையால சுண்டல் வாங்கித் தின்னாரு. இன்னுங் கொஞ்சம் கேட்டாரு, குடுத்தாரு. இப்ப தெரியாதுங்குறாரு."

என் கணவர் கையால் சுண்டல் வாங்கித் தின்றார் என்று நான் சிங்களத்தில் சொன்னபோது வேண்டுமென்றே லெப்டினன்ட்டைப் பார்த்துச் சொன்னேன். அப்படிப் பார்க்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. பார்க்கக் கூடாது என்றும் இல்லை.

லெப்டினன்ட் மறுபடி கூண்டேறினார். சுண்டல் ஞாபகம் வந்துவிட்டது. கூத்தும் கூடவே ஞாபகம் வந்தது. ஆனாலும் அடிப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது தான் அல்ல, நகரும் வெளிச்சம் எதுவானாலும் அடி என்று கேப்டன் சொல்லியிருந்தார் என்றார். கேப்டன் வந்தார். மேஜர் சொன்னதைக் கீழே சொன்னதோடு தன் வேலை முடிந்தது என்றார். இன்னொரு நாள் மேஜர் வந்தார், இஸ்திரி கலையாத சட்டையோடு. தொலைபேசியில் "தக்க நடவடிக்கை எடு" என்றுதான் சொன்னேன், ஷெல் என்ற சொல்லே என் வாயில் வரவில்லை என்றார். அந்தத் தக்க நடவடிக்கைக்கும் மேலிடத்து நிலையான உத்தரவு இருக்கிறதாம். மேலிடம் எது என்று நீதவான் கேட்டார். பாதுகாப்புக் காரணங்களுக்காக அதைச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

மார்பு நிறையப் பதக்கம் குத்திக்கொண்டவர்களுக்கு "நான்" என்ற ஒரு சொல்லைத் தூக்க முதுகெலும்பு இல்லை. வெற்றி என்றால் எத்தனை பேர் முன்னுக்கு வந்து படத்துக்கு நின்றிருப்பார்கள்! அத்தனை பேரின் "எனக்குத் தெரியாது"வையும் நான்தான் லெட்சுமியிடம் சொல்லித் தொலைத்தேன்.

கடமையின்போது நடந்த மரணம், உத்தரவிட்டவர் யார் என்று அடையாளம் காண முடியவில்லை என்று தீர்ப்பு எழுதினார்கள். அதையும் மொழிபெயர்த்தேன்.

ராமையா மாஸ்டர்

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். ஆனால் ஒரு உயிர் போயிருக்கிறதே, யாராவது பதில் சொல்ல வேண்டாமா? பொலிஸ் ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. அவசரகாலச் சட்டத்தை மீறி அனுமதி இல்லாமல் தீப்பந்த ஊர்வலம் நடத்தியதாகக் கூத்து மாஸ்டர் ராமையா மேல் வழக்குப் போட்டார்கள். ஓய்வுபெற்ற கங்காணி. வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி.

இதிலும் வாதாட வந்த நம்மூர்ச் சட்டத்தரணி அவருக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். யாரும் உத்தரவு போடவில்லை, சனங்கள் தாங்களாகவே போனார்கள் என்று சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள். மேஜர் சொன்னதும் அதுதானே.

ராமையா மாஸ்டர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சட்டத்தரணியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு நீதவானைப் பார்த்தார்.

"பந்தம் ஏத்தச் சொன்னது நான்தானுங்க. கீழ்ப்பாத சரிஞ்சிருச்சு, மேல்பாதையில போங்கன்னு சொன்னதும் நான்தான். பழனிவேல முன்னுக்கு நடக்கச் சொன்னதும் நான். அந்தப் பய வேற யாரு பேச்சையும் கேட்டுப் போகலீங்க. என்ன தண்டனையோ குடுங்க."

நான் எழுந்து நின்று அதைச் சிங்களத்தில் சொன்னேன். பந்தம் ஏற்றச் சொன்னது நான்தான். முன்னால் நடக்கச் சொன்னதும் நான்தான். நீதவான் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்துவிட்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். சட்டத்தரணி தன் ஃபைலை மூடிவிட்டார். ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார் அல்லவா, அதனால் சலுகையாம்.

வெளியே லெட்சுமி நின்றிருந்தாள். ராமையா மாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். அவள் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஷெல்லு அடிக்கச் சொன்னவன் பேரத்தான் மிஸ் கேட்டு வந்தேன். பந்தம் ஏத்தச் சொன்னவரு பேருதான் கெடச்சிருக்கு."

அதன்பிறகும் பல வருடங்கள் அந்தக் கோர்ட்டில் வேலை பார்த்தேன். பெரிய நாடுகள் சின்ன நாடுகள் மேல் குண்டு போட்டபோதெல்லாம் சட்டத்தரணிகள் கன்டீனில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து, அது சட்டப்படி சரியா என்று வாதாடுவார்கள். என்னையும் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான், அதைக் கேட்டால் பேச்சு நின்றுபோகும் என்பதால் நான் போகவில்லை.

இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். எத்தனையோ பேரின் "நான்" என் வாயால் போயிருக்கிறது. அடிக்கச் சொன்னது நான்தான் என்பது மட்டும் வரவே இல்லை. உங்கள் காலத்தில் யாராவது கூண்டேறி அதைச் சொன்னால், பின்வரிசையில் நிற்கிறவளுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.