எங்கள் ஊர்க் கடையின் மெட்ராஸ் கிளை

புதுத்தோலும் ரப்பரும் கலந்து அடிக்கும் அந்த வாசனைக்காகவே பாம்பூஃப்ளாட்டிலிருந்து அம்மாவோடு ஃபெர்ரி ஏறி போர்ட்பிளேர் அபர்தீன் பஜாருக்கு வருவேன் என்றால் நம்ப மாட்டீர்கள். நாடு முழுக்கக் கிளை பரப்பிய செருப்புக் கம்பெனி அது. ஆனால் பச்சைப் பலகை போட்ட அந்த ஒரு கடையைத் தவிர வேறெதையும் கண்டிராத எனக்கு, கல்லாவில் உட்கார்ந்திருந்த வங்காளி மேனேஜர்தான் முதலாளி. சீப்பு முதல் சிமெண்டு வரை எல்லாவற்றிலும் "கப்பல் கூலி" என்று விலையை ஏற்றிவிடும் ஊரில், அங்கே மட்டும் பெட்டியில் அச்சடித்த விலைதான். "இவனுக்கு மட்டும் கப்பல் சும்மாவா வருது?" என்று அம்மா முணுமுணுப்பாள். அந்தக் கூலியை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு நான் அப்பாவின் பிராணனை வாங்கியிருக்கிறேன்.

ஒரு கோடை விடுமுறையில் சித்தி கல்யாணத்துக்காக மெட்ராஸ் கப்பல் ஏறினோம். "மெயின்லேண்டு பெட்டி" என்று புதுத்துணியும் செருப்பும் தனியாகக் கட்டுவதை அங்கே போய்ச் சேரும்வரை திறக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உப்புக்காற்று பட்டால் புதுசெல்லாம் பழசாகிவிடுமாம். அப்படிப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்ததை மெட்ராஸ் லாட்ஜில் திறந்தால், என் கறுப்பு ஷூ இரண்டும் இடது காலுக்கு! பச்சைப் பலகைக் கடையில் ஒற்றைக் காலில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பழைய செருப்போ கப்பலிலேயே வார் அறுந்துவிட்டது. "தீவுல எல்லாரும் வெறுங்காலோடதான் திரிவீங்களாமே" என்று போன தடவையே கேலி செய்த பெரியம்மா பிள்ளைகள் முன்னால் எப்படிப் போய் நிற்பது? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கடல் தாண்டி வந்தாச்சு, இனி யாரைப் போய்க் கேக்குறது" என்று அப்பா கையை விரித்துவிட்டார்.

கல்யாண ஊருக்கு ரயில் பிடிக்கப் போகும் வழியில் அதே பச்சைப் பலகை. "அப்பா, நம்ம மேனேஜர் அங்கிள் இங்கேயும் கடை போட்டிருக்கார்" என்று கத்தி, அப்பா தடுப்பதற்குள் ஷூப் பெட்டியோடு உள்ளே ஓடி, பழக்க தோஷத்தில் இந்தியிலேயே "அங்கிள் கஹான் ஹை?" என்றேன்.

"எந்த அங்கிள்மா?" என்றார் கடைக்காரர்.

"போர்ட்பிளேர் அங்கிள். உங்க முதலாளி."

பின்னாலேயே வந்த அப்பாவுக்கு மானம் போயிற்று. கடைக்காரர் சிரிக்காமல் ஷூவைப் புரட்டிப் பார்த்து, "எல்லாம் ஒரே கடைதாம்மா" என்று வேறு ஜோடி எடுத்து வந்து, தானே உட்கார்ந்து இரண்டு காலிலும் மாட்டிவிட்டார். விட்டேனா? கப்பல் கூலியை அவரிடமும் கேட்டேன்.

"எல்லா ஊர் விலையிலயும் துளித்துளி சேர்த்திருக்கும்மா. இங்க வாங்குறவங்களும் உன் கப்பலுக்குக் கொஞ்சம் குடுக்குறாங்க."

ரயிலில் வெகு நேரம் கழித்து அப்பா, "பரவாயில்லையே, நம்மளையும் கம்பெனிக்காரன் கணக்குல வெச்சிருக்கான்" என்றார். கல்யாண வீட்டில் நான் ஷூவைக் கழற்றவே இல்லை.

இன்று அபர்தீன் பஜாரில் அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். போன வாரம் என் மகளுக்கு ஷூ வாங்கலாம் என்று போனைத் திறந்தேன். "நாடு முழுவதும் இலவச டெலிவரி" என்றது. பின்கோடு போட்டதும், உங்கள் பகுதிக்கு அனுப்ப இயலாது என்றது.

மகள் எட்டிப் பார்த்து, "அப்போ நாம எந்த நாடும்மா?" என்றாள்.

கப்பல் கூலிக் கதையைத்தான் அவளுக்குச் சொன்னேன்.