மூக்காயி வீட்டு மேற்குச் சுவர்

மூக்காயியிடம் வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நான் பொன்னமராவதிப் பக்கத்துக் கொத்தனார். பேர் ரெங்கராஜ். எத்தனையோ தொகுப்பு வீடு கட்டியிருக்கிறேன். சிமெண்ட் மூட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்து இறக்கச் சொன்னவள் இவள் ஒருத்திதான். ஒரு சட்டிக் கலவை சிந்தினால் என் பாட்டன் வரைக்கும் இழுத்துவிடுவாள். நானும் சும்மா இருக்கிற ஆளில்லை. இருந்தாலும் மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்து, சாப்பிட வைக்காமல் விடமாட்டாள்.

ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே கண்மாயை ஒட்டிய ஊர் அவளுக்கு. புருசன் கருப்பன் காலமாகிவிட்டார். நான் அந்த மனிதரைப் பார்த்ததில்லை. ஒரே மகள் கார்த்திகா திருப்பூரில் வாக்கப்பட்டிருக்கிறாள். கருவேல் வெட்டி, ஆடு வளர்த்து, நூறு நாள் வேலைக்குப் போய்த் தன் கஞ்சியைத் தானே குடித்தவள் மூக்காயி. ஐப்பசி மழையில் மண்வீட்டின் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. அரசாங்க வீட்டுக்கு அவள் பேர் வந்ததும் தெருவெல்லாம் சீனி கொடுத்தாளாம்.

அரசு வீட்டுக்குப் பணம் மொத்தமாக வராது. கடைக்கால், லிண்டல், கூரை, கடைசியில் வெள்ளையடித்த வீடு என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஓவர்சியர் வந்து, வீட்டுக்காரியை முன்னால் நிறுத்தி செல்போனில் படம் ஏற்றுவார். படம் ஏறினால்தான் அடுத்த தவணை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டைப் பிரிப்பதற்கு முந்தின பொழுதில் விளக்கேற்றி, ஒரு செம்பு தண்ணீர் வைத்து, செத்தவரிடம் தகவல் சொல்லவேண்டும். வீட்டைப் பிரிக்கிறோம், கொட்டகைக்குப் போகிறோம், கூட வாங்க என்று கூப்பிடவேண்டும். அதைச் செய்யத்தான் அவளும் இருந்தாள். அதற்குள் ஓவர்சியர் போன் வந்துவிட்டது. அன்றைக்கே கடைக்கால் தோண்டின படம் ஏறாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது. மத்தியானமே ஜேசிபி வந்து வீட்டை வழித்துத் தள்ளிவிட்டது. வீடு எழும்பட்டும், பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். பழைய வாசல் மேற்கே, கண்மாயைப் பார்த்து இருந்தது. புது வாசலைக் கிழக்கே ரோட்டைப் பார்த்து வைக்கச் சொன்னாள். நாலு பேர் பார்க்கவேண்டுமாம். ஆசைதானே, இதில் என்ன தப்பு?

கூரை போட்டு, பூச்சு வேலையும் முடிந்த பிறகுதான் அது தொடங்கியது. அன்று சாயங்காலம் கிழக்குச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். மேற்கே தப், தப் என்று சத்தம். உள்ளங்கையால் சுவரைத் தட்டுகிற சத்தம். கொஞ்சம் தள்ளி மறுபடியும் தட்டுகிறது. எந்தப் பயல் ஈரச் சுவரில் கை வைக்கிறான் என்று கரண்டியோடு ஓடினேன். யாரும் இல்லை. ஆனால் ஈரப் பூச்சில் இடுப்புக்கு மேலே ஒரு நீளத்துக்குத் தடவின தடம் இருந்தது.

மறுநாளும் அதே பொழுதில் அதே சத்தம். தடத்தைத் தேய்த்து மறைத்தேன். விடிந்தால் தடம் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்குமேல் தனியாக அந்தப் பக்கம் நான் போகவில்லை. மூக்காயியைக் கூட்டி வந்து கேட்கச் சொன்னேன். கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கருப்பனுக்கு மாலைக்கண்ணாம். பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. வயலிலிருந்து வந்து மண்சுவரைத் தட்டிக்கொண்டேதான் வாசலுக்கு வருவாராம்.

"அவுகளுக்கு வாசல் தெரியலண்ணே," என்றாள்.

மேற்குச் சுவரை உடைத்து ஒரு வாசல் வைக்கச் சொன்னாள். நல்லா இருக்கிறதே கதை என்று கத்தினேன். அந்தச் சுவர் மேல்தான் கூரையே உட்கார்ந்திருக்கிறது. ஓவர்சியருக்கும் போன் போட்டாள். பிளானை மாற்றினால் கடைசிப் படம் ஏறாது, தவணை நின்றுபோகும் என்று அவர் சொல்லிவிட்டார். கதவு, ஜன்னல், கக்கூஸ் எல்லாம் அந்தத் தவணையை நம்பித்தான் கடனுக்கு வாங்கியிருந்தோம். அவளுக்கு வீடும் வேண்டும், அந்த மனிதரும் உள்ளே வரவேண்டும். அன்று முழுக்க அவள் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

படம் எடுப்பதற்கு முந்தின நாள் பொழுது சாய்கிற நேரம் சத்தம் கேட்டதும் எழுந்தாள். சுவரை ஒட்டி மேற்கே நடந்தாள். நான் மூலையில் நின்றேன். தட்டல் அவளுக்கு நேரே வந்து நின்றது. அவள் கையை நீட்டினாள். நீட்டின கை எதையோ பற்றின மாதிரி மூடிக்கொண்டது.

"இங்கிட்டு வாங்க. வாசல மாத்திப்புட்டோம். சொல்லாம வுட்டது என் தப்புதான். கல்லு கெடக்கு, பாத்து வாங்க."

வடக்குச் சுவர் வழியாகச் சுற்றி வந்தார்கள். வந்தார்கள் என்றுதான் வாயில் வருகிறது. என் பக்கத்தில் கடந்தபோது பச்சைச் சேறு வாடை அடித்தது. படியில் ஒரு நிமிடம் நின்று காலைத் தூக்கச் சொன்னாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கொட்டகையில் கண்ணை மூடாமல் கிடந்தேன். அதற்குப் பிறகு தட்டல் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வழி பிறந்ததே என்று சந்தோசமாகக்கூட இருந்தது.

காலையில் ஓவர்சியர் வந்தார். மூக்காயி குளித்துப் புதுச்சேலை கட்டி வாசலில் நின்றாள். நடுவில் நில்லுங்கம்மா என்று அவர் எவ்வளவோ சொல்லியும், பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு ஓரமாகவே நின்றாள். படம் ஏறிவிட்டது. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் தட்டுமுட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, அவுகளுக்கு வலக்கையில ரெண்டு வெரலு கெடையாது. ரைஸ் மில்லு பெல்ட்டுல போச்சு. நான் புடிச்சாந்ததும் வலக்கைதான்."

சொல்லிவிட்டுத் திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"அஞ்சு வெரலும் இருந்துச்சுண்ணே."

ஏத்தா, என்கூட வந்துரு, மக வீட்டுக்கு பஸ் ஏத்தி விடுறேன் என்று சொன்னேன். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"வாங்கன்னு நாந்தானே கையப் புடிச்சுக் கூட்டியாந்தேன். இப்ப எந்த வாயால போங்கன்னு சொல்றது?"

உலை கொதிக்கிறது என்று உள்ளே போனாள். எட்டிப் பார்த்தேன். இரண்டு தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.